யாழ்ப்பாணத்து அடுக்களையிற் சரக்கும் மூலிகையும்: பருவமும் பாதுகாப்பும்

வாசனைச் சரக்குகளையும் மூலிகைகளையும் பற்றி நம்மிடையே வழங்கும் எழுத்துக்கள் பெரும்பாலும் இருவகையின. ஒருவகையின, மிளகையும் மஞ்சளையும் சகல நோய்களுக்கும் சஞ்சீவியாகக் கொண்டு பழைமையைப் போற்றுவன. மறுவகையின, அவற்றை வெறும் நாச்சுவைப் பொருள்களாகக் கருதி ஒதுக்குவன. இவ்விரு நோக்குகளும் முக்கியமான விடயமொன்றைக் கவனியாது விடுகின்றன. சரக்கொன்று உண்போருக்கு நன்மை தருமா, தீமை தருமா என்பதை அதன் இயல்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எப்பருவத்தில் உலர்த்தப்பட்டது, எதில் வைக்கப்பட்டது, எவ்வளவு காலத்துள் பயன்பட்டது என்பனவும் தீர்மானிக்கின்றன. நன்கு பேணப்பட்ட மிளகாய் உணவாகும். ஈரலிப்பிற் கிடந்து பூஞ்சணம் பிடித்த மிளகாய் நஞ்சாகும்.

யாழ்ப்பாணத்து அடுக்களை வழக்கை எடுத்துக்கொண்டு, பருவத்துக்கேற்ற சமையல் என்பது அடிப்படையில் ஈரலிப்பையும் வெப்பத்தையும் ஒளியையும் கையாளும் ஓர் அறிவு என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது. அவ்வறிவிற் கொள்ளத்தக்கன எவை, திருத்தத்தக்கன எவை என்பதும் ஆராயப்படும்.

1. வரலாற்றுப் பின்னணி

சங்க நூல்களிற் ‘கறி’ என்னும் சொல் மிளகைக் குறித்தது. இன்று அது சோற்றுடன் உண்ணப்படும் துணையுணவின் பொதுப்பெயர். அமெரிக்கக் கண்டத்துத் தாவரமாகிய மிளகாய், 16ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயரின் கடல் வாணிகத்தின் வழியே நம் பகுதிகளை அடைந்தது. மிளகைப்போல் உறைக்கும் காய் என்னும் பொருளிலேயே அது தமிழிற் பெயர் பெற்றது. ஆகவே இன்று ‘பாரம்பரியம்’ எனப்படும் செத்தல்மிளகாய்த் தூளின் வரலாறு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு உட்பட்டதே.

மிளகாய் வருமுன் வழங்கிய சமையலின் எச்சம் ஒன்று இன்றும் நம்மிடையே உண்டு எனக் கருத இடமுண்டு. அதுவே நோயாளருக்கும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் ஆக்கப்படும் பத்தியக்கறி. மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி ஆகியன சேர்த்தரைத்த அந்தச் சரக்கிற் செத்தல்மிளகாய்க்கு இடமில்லை. பரராசசேகரம் முதலிய ஈழத்து வைத்திய நூல்களும், உணவுப் பொருள்களின் குணங்களைச் செய்யுளிற் கூறும் பதார்த்த சூடாமணியும் உணவையும் மருந்தையும் ஒரே தொடரின் இரு முனைகளாகக் கண்ட சிந்தனை மரபினவாகும்.

பிறிதொன்றும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. இவ்வடுக்களை ஒருகாலத்திலும் தன்னிறைவு கொண்டதாய் இருக்கவில்லை. மிளகும் ஏலமும் கறுவாவும் ஈரவலயத்துப் பயிர்கள். வரண்ட குடாநாட்டின் பயிர்களல்ல. நற்சீரகமும் மல்லியும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே வந்தன, இன்றும் வருகின்றன. வீட்டுத் தோட்டத்தில் எவரும் பயிரிடக்கூடிய மிளகாயே, உறைப்பை வறிய குடும்பங்களுக்கும் எட்டச் செய்தது. எனவே சரக்குப் பெட்டியை ஒரு சமுதாயத்தின் மாறாத மரபாகக் காண்பதிலும், வாணிகமும் வர்க்க நிலையும் பதிந்த ஆவணமாகக் காண்பதே பொருத்தமாகும்.

2. பருவங்களும் பயன்பாடும்

யாழ்ப்பாணத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே கிடைக்கிறது. எஞ்சிய மாதங்களிற் பெரும்பாலானவை வரண்டவை. இந்த ஏற்றத்தாழ்வே அடுக்களையின் காலஅட்டவணையை வகுத்தது. கோடையில் உலர்த்தல், மாரியிற் செலவிடல் என்பது அதன் சுருக்கம்.

வேம்பு பூக்கும் பங்குனி, சித்திரை மாதங்களிற் பூவைச் சேர்த்து உழுத்தம் மாவுடன் வடகம் இடுவர். பச்சைமிளகாயைக் கீறி உப்பிட்ட மோரில் ஊறவிட்டு, பகலில் வெயிலிலும் இரவில் மோரிலுமாக மாறிமாறி வைத்து மோர்மிளகாய் ஆக்குவர். தேசிக்காய் ஊறுகாயும் வெயில் நின்ற நாள்களிலேயே போடப்படும். வீட்டுத் தேவைக்கான செத்தல்மிளகாயும் மல்லியும் மஞ்சளும் காய்ந்து பெட்டிகளில் அடையும் காலமும் இதுவே. சோளகக் காற்று, வெயிலுடன் சேர்ந்து ஈரத்தை விரைவில் அகற்றும்.

கோடையிற் சமையல் இலேசாகும். தேங்காய்ப்பாற் சொதியும், நற்சீரகமும் மல்லியும் இட்ட இரசமும், கறிவேப்பிலையும் இஞ்சியும் சேர்ந்த மோரும் முதன்மை பெறும். இவற்றின் பயன், வியர்வையால் இழந்த நீரையும் உப்பையும் உடலுக்கு ஈடுசெய்வதிலே தங்கியுள்ளது. ‘சூடு’, ‘குளிர்ச்சி’ என்னும் மரபுப் பாகுபாட்டை உடல் வெப்பநிலையுடன் நேரடியாக ஒப்பிடுதல் பொருந்தாது. எனினும் அப்பாகுபாடு நடைமுறையில் நீர்ச்சத்துள்ள உணவையும் உறைப்பான உணவையும் பருவத்துக்கேற்பப் பிரித்து வைத்தது.

மழை தொடங்கியதும் வேலிகளிலும் வெற்றுக் காணிகளிலும் முசுட்டை, முடக்கொத்தான், மொசுமொசுக்கை, தூதுவளை, குறிஞ்சா முதலியன தளிர்க்கின்றன. வேர்க்கொம்பு, மிளகு, உள்ளி ஆகியவற்றின் பயன்பாடும் அப்பொழுது மிகும். கோடையில் அடைத்த உலர் சரக்கும் மாரியில் முளைத்த பச்சிலையும் ஒரே கலத்திற் சந்திப்பதே இலைக்கஞ்சி. கடைத்தெருவுக்குச் செல்ல இயலாத மழைநாள்களில் வேலியே காய்கறிச் சந்தையாயிற்று. 1990ஆம் ஆண்டின் பின் குடாநாடு மின்சாரமும் போதிய பண்டங்களும் இன்றி இருந்த ஆண்டுகளிலும் இவ்வறிவு பல குடும்பங்களுக்குக் கைகொடுத்தது. குளிர்சாதனப் பெட்டியை வேண்டாத சேமிப்பு முறை ஒன்று அவர்கள் கைவசம் இருந்தமையே அதற்குக் காரணம்.

3. உலர்த்தலும் அடைத்தலும்

சரக்கின் மணமும் உறைப்பும் அதன் கலங்களுள் அடங்கியுள்ள இரசாயனச் சேர்வைகளாலாயவை. மல்லியின் லினலூல் போன்றன ஆவிப்பறப்புள்ளவை. கலம் உடைந்தவுடன் வெளியேறத் தொடங்குபவை. மிளகின் பைப்பரின் எளிதில் ஆவியாவதில்லையெனினும் ஒளியாற் சிதையும். மிளகாயின் செந்நிறத்தைத் தரும் கரோட்டீன் வகைகளும் மஞ்சளின் குர்க்குமினும் ஒளிபட்டால் மங்கும். ஆகவே, முழுச் சரக்கை அவ்வப்போது இடித்தோ அரைத்தோ பயன்படுத்தும் அம்மி வழக்கம் அறிவுக்கு முற்றிலும் இயைந்தது. முழு மிளகின் தோலே அதன் முதலாவது பாத்திரம். எகிப்தின் பழந்துறைமுகமாகிய பெரனிகேயில், இந்திய மட்சாடியொன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு, கி.பி. முதலாம் நூற்றாண்டுக்குரியதாக அகழ்ந்தெடுக்கப்பட்டமை, முழுமிளகு எத்துணை நெடும் பயணத்துக்கும் சேமிப்புக்கும் ஏற்றது என்பதற்குச் சான்றாகும்.

மணம் குன்றிய சரக்கு பயனிற் குறையுமேயன்றித் தீங்கு செய்யாது. தீங்கு செய்வது ஈரலிப்பு. ஆஸ்பெர்ஜிலஸ் இனப் பங்கசுக்கள் வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்திற் பெருகி அஃப்ளடொக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கின்றன. 1960இல் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான வான்கோழிகள் பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைத் தீனியால் இறந்ததையடுத்தே இந்நஞ்சு இனங்காணப்பட்டது. மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என உறுதியாகக் கொள்ளப்பட்ட பொருள்களின் வரிசையில் இன்று அதுவும் ஒன்று. இலங்கையில் 2021ஆம் ஆண்டு இறக்குமதித் தேங்காயெண்ணெயில் இது காணப்பட்டபோது பெரும் விவாதம் எழுந்தது. ஆனால் மிளகாயும் மஞ்சளும் இஞ்சியும் இதே ஆபத்துக்கு உட்பட்டவை என்பது நம் வீடுகளிற் பரவலாக உணரப்படவில்லை. சாதாரண சமையல் வெப்பத்தால் இந்நஞ்சு அழிவதில்லை. எனவே பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டும் வறுத்தும் பயன்படுத்தல் பாதுகாப்பன்று. அத்தகைய சரக்கை வீசிவிடுதலே முறை.

இவற்றினின்று சில நடைமுறை விதிகள் பெறப்படுகின்றன. முதலாவது, மிளகாயை வெறுநிலத்தில் உலர்த்தலாகாது. மண்ணிலே பங்கசு வித்திகள் மலிந்துள்ளன. பாயிலோ, மேசைபோல உயர்த்திய தட்டியிலோ மெல்லிய படையாகப் பரப்பவேண்டும். மாலையில் அள்ளி மூடாவிடின் இரவுப் பனி பகலின் உழைப்பை வீணாக்கும். குலுக்கும்போது விதை கலகலத்து, காம்பு வளையாது முறியும் நிலையே போதிய உலர்வின் அடையாளம். அந்நிலையில் நீரின் அளவு ஏறத்தாழ 10 சதவீதமாகும்.

இரண்டாவது, வறுத்த சரக்கை ஆறியபின்னரே அடைக்கவேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் நீராகப் படிந்து மீண்டும் தூளிலே விழும். வறுத்தல் ஈரத்தையும் வண்டுகளையும் போக்கிப் புதிய மணங்களையும் தருமெனினும், தூளின் கொழுப்புக் கூறுகள் ஒட்சியேற்றமடைந்து காறுவதைத் துரிதப்படுத்தும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை பெருமளவில் இடித்து வைப்பதிலும், இரண்டு மூன்று மாதத் தேவைக்கு மட்டும் இடித்தலே நன்று.

மூன்றாவது, பாத்திரம் பருவத்துக்கேற்ப மாறவேண்டும். பனையோலைப் பெட்டியும் மண்முட்டியும் காற்றூடுபவை. கோடையில் எஞ்சிய ஈரத்தை வெளியேற்ற அவை உதவும். மாரியிலோ வெளியீரத்தை உள்ளே விடும். முன்னோர் மழைக்காலத்திற் சரக்குப் பெட்டியை அடுப்பின்மேற் பரணில் வைத்தமை இக்குறையை ஈடுசெய்தது. வாயு அடுப்புள்ள இன்றைய வீட்டில் அந்த உலர்வெப்பம் இல்லை. இறுக மூடும் கண்ணாடிப் போத்தலை இருண்ட தட்டில், அடுப்பினின்று விலக்கி வைத்தலே தக்கது. கொதிக்கும் சட்டிக்கு மேலே போத்தலைச் சரித்துத் தூவுவதும் ஈரக்கரண்டியை இடுவதும், பலர் அறியாமலே செய்யும் பிழைகள். மழை இடைவிட்ட வெயில் நாளில் முழுச் சரக்கை மீளக் காயவிடும் வழக்கம் தொடரத்தக்கது.

உள்ளியைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். நறுக்கிய உள்ளியை எண்ணெயிலிட்டு அறை வெப்பநிலையிற் பல நாள் வைக்கும் வழக்கம் அண்மையிற் பரவியுள்ளது. வளி புகாத, புளிப்பற்ற அச்சூழலிற் பொட்டுலிச நஞ்சைச் சுரக்கும் பற்றீரியா வளரக்கூடும். தேசிக்காய்ப் புளியும் உப்பும் நிறைந்த நமது ஊறுகாய்க்கு இவ்வாபத்து இல்லை. புளிப்பே அங்கே காவல்.

4. பச்சிலைகள்

பச்சிலையின் தன்மை உலர்சரக்கின் தன்மைக்கு நேர்மாறானது. இதற்குச் சேமிப்பிலும் விரைந்த பயன்பாடே முக்கியம். பறித்த கணமுதல் உயிர்ச்சத்து சி குறையத் தொடங்கும். அரிந்து வைத்தால் மேலும் விரையும். கழுவியபின் அரிதலும், அரிந்தவுடன் சமைத்தலும், சில நிமிடங்களே அடுப்பில் வைத்தலும் வேண்டும். வல்லாரையைப் பச்சையாகச் சம்பலாக்கும் முறையும், பொன்னாங்காணியைத் தேங்காய்ப்பூவுடன் வறையாக்கும் முறையும் இவ்வகையிற் சிறந்தவை. கீரையின் கரோட்டீனை உடல் ஏற்கக் கொழுப்புத் தேவை; அதைத் தேங்காய் அளிக்கிறது. இறக்கியபின் பிழியும் தேசிப்புளி, கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர உதவுகிறது. புளியை முன்னரே விட்டுக் கொதிக்கவைத்தால் அப்பயன் குன்றும்.

கறிவேப்பிலை, வேப்பம்பூ ஆகியவற்றை உலர்த்தி வைக்கவேண்டின் நிழலுலர்வே தக்கது. கடும் வெயில் நிறத்தையும் மணத்தையும் சேர்த்தே கொண்டுபோகும். ஈரமாகப் பொலித்தீன் பையிற் கட்டிய மல்லித்தழை இரண்டு நாளில் அழுகுவதையும், ஈரம் துடைத்துத் துணியிலோ கடதாசியிலோ சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த தழை ஒரு வாரமளவும் நிற்பதையும் ஒப்புநோக்கினால் ஈரலிப்பின் பங்கு தெளிவாகும்.

5. உப்பு என்னும் முரண்பாடு

வாசனைச் சரக்குகளின் மிகத் தெளிவான ஆரோக்கியப் பயன், உப்பையும் எண்ணெயையும் குறைத்தும் உணவை உண்ணத்தக்கதாக்குதலாகும். மல்லியும் சீரகமும் புளியும் நன்கமைந்த கறிக்கு உப்புக் குறைவது நாவிற்கு எளிதிற் புலப்படாது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதப்புரை.

ஆனால் நமது சேமிப்பு முறை பெரும்பாலும் உப்பையே நம்பியிருந்தது. மோர்மிளகாய், வடகம், ஊறுகாய், கருவாடு ஆகிய நான்கும் ஒருங்கே இடம்பெறும் மழைநாட் சாப்பாடு உப்பின் குவியலாகிவிடுகிறது. வயலில் வியர்வை சிந்தி உழைத்தவருக்கு ஏற்றதாயிருந்த இவ்வுணவு, இருந்தபடி தொழில் புரிவோருக்கும் உயர் குருதியமுக்கமுடையோருக்கும் ஏற்றதன்று. மரபைப் பேணுதல் என்பது உப்பின் அளவையும் அப்படியே பேணுதலாகாது. நன்கு உலர்த்தினால், வடகத்துக்கு முன்னோர் இட்ட உப்பின் முழு அளவும் வேண்டியதில்லை. ஊறுகாயைக் கறியாகவன்றித் தொடுகறியாகக் கொள்ளுதலும், அது உள்ள வேளையிற் கறிக்கு உப்பைக் குறைத்தலும் ஏனைய வழிகள்.

6. மருந்து எனும் உரிமைகோரல்

சரக்குகள் நுண்ணங்கிகளை அழிப்பதனாலேயே வெப்ப நாடுகளில் அவை மிகுதியாகப் பயன்படுகின்றன என்னும் கருத்து 1998இல் ஷேர்மன், பில்லிங் என்போரின் ஆய்வால் வலுப்பெற்றது. 2021இல் வெளிவந்த பிறிதோர் ஆய்வு 70 சமையல் மரபுகளைச் சேர்ந்த 33,750 சமையற் குறிப்புகளைப் பகுத்தாராய்ந்து, அக்கருத்துக்குப் போதிய சான்று இல்லை எனவும், காரச் சமையலும் சுகாதாரக் குறைவும் வறுமையும் ஒன்றோடொன்று தொடர்புற்றுக் காணப்படுகின்றன எனவும் முடிவு கூறியது. நமக்கு இதிலுள்ள பாடம், ஆய்வுகூடத்திற் சரக்கெண்ணெய் பற்றீரியாவைக் கொல்வதைக் கொண்டு அடுக்களையின் வரலாற்றை விளக்கிவிட முடியாது என்பதே.

குர்க்குமினின் நிலையும் இத்தகையதே. பைப்பரினுடன் சேரும்போது அது உடலில் ஏறத்தாழ 20 மடங்கு கூடுதலாக உறிஞ்சப்படுவதை 1998ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு காட்டியது. மஞ்சளும் மிளகும் ஒருங்கே சேரும் நம் வழக்கைப் போற்றுவோர் இதனை அடிக்கடி எடுத்தாளுவர். ஆனால் அவ்வாய்வில் வழங்கப்பட்டது 2 கிராம் தனிக் குர்க்குமின். மஞ்சளில் அது ஏறத்தாழ 3 சதவீதமே உள்ளதாகக் கொண்டால், அவ்வளவைப் பெற 65 கிராமுக்கு மேற்பட்ட மஞ்சள் வேண்டும். எந்தக் கறியும் அதைத் தாங்காது. சிறுகுறிஞ்சா நாவின் இனிப்புணர்வைச் சிறிது நேரம் மறைக்கும் என்பது உண்மை. அதனைக் கொண்டு நீரிழிவு மாத்திரையை நிறுத்துதல் ஆபத்து. உணவு உணவாகவே நன்மை செய்யட்டும்.

7. சந்தையும் கலப்படமும்

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவியபோது வடபகுதியில் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டோர் நல்ல விலை பெற்றனர். 1977இன் பின் திறந்த பொருளாதாரக் கொள்கை இறக்குமதிக்கு வழிவிட்டபோது அவர்கள் பெரிதும் பாதிக்கப்பட்டனர். அதே காலப்பகுதியிலிருந்து பொதி செய்யப்பட்ட தூள் வீடுகளிற் படிப்படியாக இடம்பிடித்தது. முழுச் சரக்கின் தரத்தைக் கண்ணும் மூக்கும் கையும் அறியும். தூளின் தரத்தை அவ்வாறு அறிய முடியாது. தூளோடு நுகர்வோரின் பரிசோதிக்கும் ஆற்றலும் பறிபோயிற்று.

2020ஆம் ஆண்டில் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டிருந்தபோது அதன் விலை பன்மடங்காகியதும், மன்னார் முதலிய கரையோரங்களிற் கடத்தல் மஞ்சள் கைப்பற்றப்பட்டதும் நினைவுகூரத்தக்கன. விலையேற்றமும் கலப்படமும் உடன்பிறப்புகள். பங்களாதேசத்தில் மஞ்சளுக்கு நிறமூட்ட ஈயக் குரோமேற்று கலக்கப்பட்டு வந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது ஈயம். 2019இற் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்திற் காணப்பட்ட ஈயம், அரசின் சோதனைகளாலும் தண்டனைகளாலும் மக்கள் பிரசாரத்தாலும் 2021இல் முற்றாக மறைந்தது. பொதுநிறுவனங்கள் முயன்றால் இரண்டாண்டில் ஆகக்கூடிய காரியம் இது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

8. முடிவுரை

இதுவரை கூறிய உலர்த்தலும் புடைத்தலும் வறுத்தலும் இடித்தலும் எவருடைய உழைப்பு என்ற வினாவைத் தவிர்த்தல் நேர்மையாகாது. அது பெண்களின் ஊதியமற்ற உழைப்பு. வசதி படைத்த வீடுகளிற் பிறர் பெண்களின் குறைந்த கூலி உழைப்பு. ‘அம்மியை மறந்தனர்’ எனத் தொழிலுக்குச் செல்லும் பெண்களைக் குறைகூறும் மரபுப்பற்று, அம்மியில் அமர ஆண்களை அழைத்ததில்லை. பொதித்தூள் அப்பெண்களின் நேரத்தை மீட்டது என்பது மறுக்கவியலாத நன்மை.

ஆகவே அம்மிக்குத் திரும்புதல் தீர்வன்று. அதன் அடிப்படையாயிருந்த அறிவை, புதிய உழைப்புப் பங்கீட்டில் மீட்டெடுத்தலே தீர்வு. முழுச் சரக்கை வெயிற்காலத்தில் வாங்கிக் கண்முன்னே அரைப்பிக்க ஊர்தோறும் உள்ள அரைக்கும் ஆலைகள் உதவும். கூட்டுறவுச் சங்கங்கள் உயர்த்திய உலர்த்து தளங்களையும் ஈரமானிகளையும் விவசாயிகளுக்குப் பொதுவாக அமைக்கலாம். பல்கலைக்கழகங்களின் ஆய்வுகூடங்கள் சந்தைத் தூள்களை ஆண்டுதோறும் பரிசோதித்து முடிவுகளைத் தமிழில் வெளியிடலாம். வீட்டிலோ, மழை தொடங்குமுன் சரக்குப் போத்தல்களைத் திறந்து முகர்ந்து, காய்ந்ததை வைத்து, பூஞ்சணம் கண்டதை வீசும் பணியை ஆணும் பெண்ணும் பகிர்ந்து செய்யலாம். பருவத்துக்கேற்ற நல்லுணவின் தொடக்கம் அப்பணியிலேயே உள்ளது.